தேடி மாற்றும் வசதியைக் கொண்டு எழுத்து வடிவங்களைச் சீராக்குவது: மூலிகை நூல் ஒன்றுக்காக ஓர் ஐயம்

மெய்ப்புநோக்கி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மூலிகைகளைப் பற்றிய கையேடு ஒன்றை அச்சுக்கு அணியமாக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பல ஆசிரியர்கள் தனித்தனியே மைக்ரோசாஃப்ட் வேர்டில் தட்டச்சு செய்து அனுப்பிய அத்தியாயங்களை ஒரே கோப்பாக இணைத்திருக்கிறேன். ஒவ்வொருவரும் தமக்குப் பழகிய முறையில் வடிவமைத்திருப்பதால், ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனாலே வேறொரு நூலுக்குள் நுழைந்ததுபோல் தோன்றுகிறது.

ஓர் ஆசிரியர் ஆடாதோடை, கீழாநெல்லி, தூதுவளை என்று மூலிகைப் பெயர் வரும் இடங்களில் எல்லாம் அடிக்கோடு இட்டிருக்கிறார். தாவரவியல் பெயர்கள் ஆங்கில எழுத்தில் பிறை அடைப்புக்குள் வருகின்றன. அவை சாய்வெழுத்தில் இருக்க வேண்டும், ஆனால் பாதிக்கு மேல் நேரெழுத்திலேயே இருக்கின்றன. உள்தலைப்புகளுக்கு ஸ்டைல் (பெயரிட்டுச் சேமித்து வைக்கும் வடிவமைப்பு) எதையும் யாரும் பயன்படுத்தவில்லை. வெறுமனே 14 புள்ளி அளவில் தடித்த எழுத்தாக்கி விட்டிருக்கிறார்கள். இதனால் பொருளடக்கத்தைத் தானாக உருவாக்க முடியவில்லை. பத்திகளுக்கு இடையே வெற்று என்டர்களும், பத்தித் தொடக்கத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்டி உண்டாக்கிய உள்தள்ளலும் கோப்பு முழுவதும் நிறைந்திருக்கின்றன.

கண்ட்ரோல், எச் அழுத்தித் திறக்கும் பெட்டியில் ஃபார்மட் என்ற பொத்தான் இருப்பதைக் கண்டு அதையே முயன்று பார்த்தேன். அடிக்கோட்டைத் தேடச் சொன்னபோது எல்லாவற்றையும் சரியாகப் பிடித்துக் கொடுத்தது. ஆனால் அதே வழியில் 14 புள்ளி, தடித்த எழுத்து என்று குறிப்பிட்டுத் தேடினால், கண்ணெதிரே அத்தனை தலைப்புகள் இருந்தும், ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்கிறது. இதற்குக் காரணம் என்ன? இந்த வேலைகளை எந்த வரிசையில் செய்தால் ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றொன்று கெடாமல் இருக்கும்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

---

அச்சுக்கோப்பு

வணக்கம். அடிக்கோடு கிடைத்துத் தடித்த எழுத்து கிடைக்காமல் போனதிலேயே உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. வேர்ட் தன் கோப்புக்குள் ஆங்கிலம் போன்ற எழுத்துகளுக்கு ஒரு கணக்கும், தமிழ், இந்தி, அரபி போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கு இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறது. எழுத்துருவின் பெயர், அளவு, தடிப்பு, சாய்வு ஆகிய நான்கும் இவ்விரண்டுக்கும் தனித்தனியாகவே பதிவாகின்றன. அடிக்கோடு, நிறம் போன்றவை மட்டும் இரண்டுக்கும் பொதுவானவை. தேடும் பெட்டியில் ஃபார்மட், ஃபான்ட் என்று போனால் திறக்கும் சாளரத்தின் மேற்பகுதி லத்தீன் எழுத்துகளுக்கு உரியது. அதற்குக் கீழே காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்ற தலைப்பில் இன்னொரு வரிசை இருக்கும். நீங்கள் 14 என்பதையும் போல்ட் என்பதையும் மேல் வரிசையில் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கீழ் வரிசையில் கொடுத்துத் தேடிப் பாருங்கள். அந்த வரிசையே தென்படவில்லை என்றால், ஆபீஸின் மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்துவிட்டு வேர்டை மூடித் திறக்க வேண்டும்.

அடுத்தது வரிசை. என் கருத்தில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது. பத்தியின் ஸ்டைல், உள்தள்ளல், வரி இடைவெளி ஆகிய யாவும் அந்தப் பத்தியின் முடிவில் இருக்கும் பத்திக் குறியில்தான் சேமிக்கப்படுகின்றன. தலைப்புகளுக்கு முதலில் ஸ்டைல் கொடுத்துவிட்டு, அதன் பிறகு வெற்று வரிகளை நீக்கினால், இரண்டு குறிகளில் எது மிஞ்சுகிறதோ அதன் வடிவத்தைப் பத்தி ஏற்றுக்கொள்ளும். சில தலைப்புகள் மீண்டும் சாதாரணப் பத்தியாகிவிடக்கூடும். ஆகவே குப்பையை அகற்றும் வேலை முதலில், சொற்களுக்கான வடிவங்கள் அடுத்து, பத்திகளுக்கான ஸ்டைல் கடைசியில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குப்பையை அகற்ற எந்தக் குறியீட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பெட்டியில் மோர் என்பதை அழுத்தினால் ஃபார்மட் பொத்தானுக்குப் பக்கத்தில் ஸ்பெஷல் என்ற பட்டியல் வரும். ஃபைண்ட் வாட் கட்டத்தில் பாராகிராஃப் மார்க், அதைத் தொடர்ந்து ஒயிட் ஸ்பேஸ் என்று தெரிவு செய்து, ரீப்ளேஸ் வித் கட்டத்தில் பாராகிராஃப் மார்க் மட்டும் வைத்தால், பத்தித் தொடக்கத்தில் தட்டியிருக்கும் ஸ்பேஸ்களும் டேப்களும் மறைந்துவிடும். பிறகு இரண்டு பாராகிராஃப் மார்க்கைத் தேடி ஒன்றாக மாற்றுங்கள். மூன்று நான்கு என்டர்கள் தொடர்ந்து வரும் இடங்கள் ஒரே சுற்றில் தீராது. எண்ணிக்கை குறைவது நிற்கும் வரை ரீப்ளேஸ் ஆலை மீண்டும் அழுத்துங்கள். அட்டவணைக்கு அருகிலும் கோப்பின் முடிவிலும் ஒன்றிரண்டு குறிகள் நீங்காமல் இருப்பது இயல்பே. பத்திகளுக்கு இடையே வேண்டிய இடைவெளியை ஸ்டைலிலேயே கொடுத்துவிடலாம்.

இதையெல்லாம் தொடங்குமுன், திருத்தங்களைப் பதிவு செய்து காட்டும் டிராக் சேஞ்சஸ் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அதை அணைத்துவிட்டு, ஏற்கெனவே உள்ள திருத்தங்களை ஏற்றுக்கொள்ளவோ தள்ளவோ செய்யுங்கள். அழிக்கப்பட்டதாகக் காட்டும் பத்திக் குறிகள் கோப்பில் இன்னும் இருப்பதால், அவை மறுபடியும் மறுபடியும் தேடலில் சிக்கும்.

மூலிகைப் பெயர்களுக்கு வருவோம். அடிக்கோட்டை எடுத்துவிட்டுச் சாய்வெழுத்தாக்கும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். லதா, நிர்மலா யூஐ ஆகிய எழுத்துருக்களில் தனியாக வரையப்பட்ட சாய்வெழுத்து கிடையாது. கணினி நேரெழுத்தையே தள்ளிச் சாய்த்துக் காட்டும். தமிழ் எழுத்துகளின் வளைவுகள் அதில் நசுங்கிப் படிக்கவே கடினமாகும். தடித்த எழுத்தே போதுமானது. அதையும் நேரடியாகக் கொடுக்காமல், 'மூலிகைப் பெயர்' என்று ஒரு கேரக்டர் ஸ்டைலை (பத்தி முழுவதற்கும் அல்லாமல் சொற்களுக்கு மட்டும் உரிய ஸ்டைல்) உருவாக்கி அதற்குத் தடிப்பைக் கொடுங்கள். நாளைக்குப் பதிப்பாளர் வேறு வடிவம் கேட்டாலும் ஓர் இடத்தில் மாற்றினால் நூல் முழுவதும் மாறிவிடும்.

ஃபைண்ட் வாட் கட்டத்தை வெறுமையாக விட்டு அடிக்கோட்டை மட்டும் வடிவமாகக் கொடுங்கள். ரீப்ளேஸ் வித் கட்டத்தையும் வெறுமையாக விட்டு, ஃபார்மட் வழியாக 'மூலிகைப் பெயர்' ஸ்டைலைத் தெரிவு செய்யுங்கள். ஸ்டைல் வந்தாலும் பழைய அடிக்கோடு தானாகப் போகாது என்பதால், அதே கட்டத்துக்கு ஃபான்ட் சாளரத்தில் அண்டர்லைன் என்பதற்கு நன் என்பதையும் சேர்க்க வேண்டும். ரீப்ளேஸ் வித் கட்டத்துக்குக் கீழே ஃபார்மட் என்று தொடங்கும் வரி தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டே அழுத்துங்கள். அங்கே வடிவம் இருந்தால் சொற்கள் அப்படியே இருக்க, வடிவம் மட்டும் மாறும். எழுத்தும் இல்லாமல் வடிவமும் இல்லாமல் வெறுமையாக இருந்தால், கண்டுபிடித்த சொற்கள் எல்லாம் அழிந்துபோகும். ஒரு வேலை முடிந்து அடுத்ததற்குப் போகும்போது இரண்டு கட்டங்களிலும் நோ ஃபார்மட்டிங் பொத்தானை அழுத்திப் பழைய வடிவத்தைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் முந்தைய நிபந்தனை அடுத்த தேடலிலும் தொடரும்.

---

செடிகொடி

அச்சுக்கோப்பு அவர்கள் சொன்னதோடு தாவரவியல் பெயர்களைப் பற்றி மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நான் தாவரவியல் பாடம் நடத்துபவள். மாணவர்களின் ஆய்வேடுகளில் இதே வேலையை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கிறது.

பிறை அடைப்புக்குள் இருப்பதையெல்லாம் சாய்த்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் மூலிகை நூலில் (10 கிராம்), (காலையில் மட்டும்) என்றெல்லாம் தமிழ்க் குறிப்புகளும் அடைப்புக்குள் வரும். எனவே ஆங்கில எழுத்து மட்டுமே உள்ள அடைப்புகளைத் தேட வேண்டும். யூஸ் வைல்டுகார்ட்ஸ் (குறிப்பிட்ட சொல்லுக்குப் பதில் பொதுக் குறிகளைக் கொண்டு தேடும் முறை) என்பதைத் தேர்ந்துவிட்டு, ஃபைண்ட் வாட் கட்டத்தில் இந்த வரிசையில் தட்டச்சு செய்யுங்கள். முதலில் \( என்பது. வைல்டுகார்ட் முறையில் வெறும் அடைப்புக்குறிக்கு வேறு வேலை இருப்பதால், அதன் முன்னால் இந்தப் பின்சாய்கோடு கட்டாயம் தேவை. அடுத்துச் சதுர அடைப்புக்குள் ஆங்கிலப் பெரிய ஏ, இடைக்கோடு, பெரிய இசட். அதை ஒட்டியே சிறிய ஏ, இடைக்கோடு, சிறிய இசட். அதோடு ஓர் இடைவெளியும் ஒரு முற்றுப்புள்ளியும். சதுர அடைப்பை மூடியதும் @ குறி. இது முன்னால் உள்ள எழுத்துகளில் ஏதேனும் ஒன்று ஒரு முறையோ பல முறையோ வரலாம் என்பதைச் சொல்கிறது. கடைசியாக \) என்பது. ரீப்ளேஸ் வித் கட்டத்தில் எழுத்து எதுவும் வேண்டாம். ஃபான்ட் சாளரத்தின் மேல் வரிசையில், அதாவது லத்தீன் எழுத்துகளுக்கு உரிய பகுதியில், இட்டாலிக் என்று கொடுங்கள்.

இப்போது அடைப்புக்குறிகளும் சேர்ந்து சாய்ந்திருக்கும். அதைத் தவிர்க்க வைல்டுகார்ட் வாய்பாட்டை இன்னும் சிக்கலாக்குவதைவிட, இன்னொரு சுற்று போவது எளிது. வைல்டுகார்ட்ஸ் தெரிவை நீக்கிவிட்டு, இட்டாலிக் வடிவத்தில் உள்ள ( குறியைத் தேடி, ரெகுலர் வடிவமாக மாற்றுங்கள், ) குறிக்கும் அப்படியே. பெயருக்குப் பின்னால் அதைச் சூட்டிய அறிஞரின் சுருக்கம் வரும் இடங்களையும் கவனிக்க வேண்டும். லின்னேயஸைக் குறிக்கும் ஒற்றை எல் எழுத்தும் புள்ளியும் சாய்வெழுத்தில் இருக்கக் கூடாது. பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் மட்டுமே சாய வேண்டும். இடைவெளி, பெரிய எல், புள்ளி ஆகிய மூன்றையும் சேர்த்து, இட்டாலிக் என்ற நிபந்தனையோடும் மேட்ச் கேஸ் தெரிவோடும் தேடி நேரெழுத்தாக்குங்கள். அந்த இடங்களில் ரீப்ளேஸ் ஆல் வேண்டாம்; ஃபைண்ட் நெக்ஸ்ட் அழுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்வதே நல்லது. ஏனென்றால் பேரினப் பெயரையே முதலெழுத்தாகச் சுருக்கி எழுதியிருக்கும் இடங்களும் இருக்கக்கூடும், அந்தச் சுருக்கம் சாய்ந்துதான் இருக்க வேண்டும். மருந்துச் செடியின் பெயரில் ஏற்படும் பிழை வேறு பிழைகளைப் போன்றதல்ல என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

---

திறமூலப் பயனர்

லிப்ரே ஆபீஸ் ரைட்டர் வைத்திருப்பவர்களும் இந்த இழையைப் படிக்கக்கூடும் என்பதால் சில வரிகள். அங்கே வெற்றுப் பத்திகளை நீக்குவது இன்னும் எளிது. கண்ட்ரோல், எச் அழுத்தி, அதர் ஆப்ஷன்ஸ் பகுதியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ் என்பதைத் தேர்ந்துவிட்டு, ஃபைண்ட் கட்டத்தில் ^$ என்று மட்டும் கொடுத்து, ரீப்ளேஸ் கட்டத்தை வெறுமையாக விட்டு ரீப்ளேஸ் ஆல் அழுத்தினால், எத்தனை வெற்றுப் பத்திகள் தொடர்ந்து வந்தாலும் நீங்கிவிடும். இரண்டு குறிகளில் ஒன்றை மறந்து $ என்று மட்டும் கொடுத்தால் பத்திகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். பத்தித் தொடக்க இடைவெளிகளுக்கு, ^ குறியை அடுத்து ஓர் இடைவெளி, அதன் பின் + குறி.

ரைட்டரில் நான் பெரிதும் நம்புவது ஃபைண்ட் ஆல் பொத்தானைத்தான். அது பொருந்திய எல்லா இடங்களையும் ஒரே நேரத்தில் தெரிவு செய்து கொடுக்கிறது. அந்தத் தெரிவு கலையாமல், எஃப்11 அழுத்தித் திறக்கும் ஸ்டைல் பட்டியலில் வேண்டியதை இருமுறை சொடுக்கினால் போதும். மாற்றுவதற்கு முன்பாகவே எவையெல்லாம் சிக்கியிருக்கின்றன என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். வேர்டிலும் ஃபைண்ட் தாவலில் ஃபைண்ட் இன், மெயின் டாக்குமென்ட் என்று போனால் இதே பலன் கிடைக்கும். ரீப்ளேஸ் ஆலுக்கு முன் இதை ஒருமுறை செய்து பார்ப்பது எந்தக் கோப்புக்கும் பாதுகாப்பு. கூகுள் டாக்ஸில் இந்தக் கோப்பைத் திறந்து வேலை செய்யலாம் என்று யாரேனும் சொன்னால், அங்கே உள்ள தேடும் பெட்டியில் வடிவத்தைக் கொண்டு தேடும் வசதி இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

---

மெய்ப்புநோக்கி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கீழ் வரிசையில் 14 புள்ளியைக் கொடுத்ததும் தலைப்புகள் எல்லாம் கிடைத்துவிட்டன. ஸ்பேஸ்களும் வெற்று வரிகளும் போய்க் கோப்பு வெகுவாகச் சுருங்கியிருக்கிறது. தாவரவியல் பெயர்களைச் செடிகொடி அம்மா சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன்.

இன்னும் இரண்டு சிக்கல்கள் மிஞ்சியிருக்கின்றன. ஓர் ஆசிரியர் உள்தலைப்புகளையும் 12 புள்ளியிலேயே வைத்துத் தடிப்பு மட்டும் கொடுத்திருக்கிறார். பத்திகளுக்கு உள்ளேயும் அவர் தடித்த சொற்களைப் பயன்படுத்தியிருப்பதால், தடித்த எழுத்தைத் தேடி ஹெடிங் 2 ஸ்டைலைக் கொடுத்தால், ஒரு சொல் தடித்திருந்தாலே அந்தப் பத்தி முழுவதும் தலைப்பாகிவிடுகிறது. சோதனைப் படியில் பார்த்துவிட்டு உடனே கண்ட்ரோல், இசட் அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். இரண்டாவதாக, ஒரு கட்டுரையின் நடுவே சில பக்கங்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. எழுத்துருவை மட்டும் மாற்றினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரிகின்றன. அவற்றை யூனிகோடாக்கும்போது (இன்றைய பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு மாற்றும்போது) உள்ளே இருக்கும் தடிப்புகளைக் காப்பாற்ற வழி உண்டா?

---

அச்சுக்கோப்பு

முதல் சிக்கலுக்குப் பத்திக் குறியே கை கொடுக்கும். தலைப்பைத் தட்டச்சு செய்பவர் பெரும்பாலும் வரி முழுவதையும் தெரிவு செய்துதான் தடிப்பைக் கொடுப்பார். அப்போது வரி முடிவில் உள்ள பத்திக் குறியும் தடித்துவிடும். பத்திக்கு நடுவில் ஒரு சொல்லைத் தடிப்பாக்கும்போது அந்தக் குறி தொடப்படுவதில்லை. ஆகவே ஃபைண்ட் வாட் கட்டத்தில் ஸ்பெஷல் பட்டியலிலிருந்து பாராகிராஃப் மார்க்கை வைத்து, அதற்குப் போல்ட் என்ற நிபந்தனையைக் கொடுத்துத் தேடுங்கள். பத்திக் குறி தமிழ் எழுத்தல்ல. அதனால் இந்த முறை போல்ட் என்பதை மேல் வரிசையில் கொடுத்துத் தொடங்குங்கள். ரீப்ளேஸ் வித் கட்டத்தில் ^& என்று இட்டு, ஸ்டைலாக ஹெடிங் 2 கொடுங்கள். ^& என்பது கண்டுபிடித்ததை அப்படியே திரும்ப வை என்று பொருள்படும்.

கடைசிச் சொல் தடித்து முடியும் சில பத்திகளும் இதில் அகப்படலாம். அதனால் முகப்புத் தாவலில் பத்திக் குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தி வைத்துக்கொண்டு, ஃபைண்ட் நெக்ஸ்ட் வழியாகவே செல்லுங்கள். எல்லாம் முடிந்ததும் நேவிகேஷன் பலகத்தைத் திறந்தால் தலைப்புகள் மட்டும் வரிசையாகத் தெரியும். நீளமான வாக்கியம் ஏதேனும் அங்கே இருந்தால் அது தவறி வந்த பத்தி என்று உடனே தெரிந்துவிடும். தலைப்பில் பழைய நேரடி வடிவம் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த வரியைத் தெரிவு செய்து கண்ட்ரோல், ஸ்பேஸ் அழுத்தினால் ஸ்டைலின் வடிவம் மட்டும் மிஞ்சும். இந்தக் குறுக்குவழியைப் பத்திகளின் மேல் பயன்படுத்த வேண்டாம். ஆசிரியர் கொடுத்த தடிப்பும் சாய்வும் எல்லாம் அதில் போய்விடும்.

---

யாழ்வாசி

பாமினிக் கோப்புகளோடு நெடுநாள் பழக்கம் உள்ளவன் என்பதால் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பொருத்தியிருக்கிறார்கள்; கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. அதனால்தான் எழுத்துருவை மாற்றியதும் அவை வெளிப்பட்டன. வேர்டும் இவற்றை லத்தீன் எழுத்தாகவே கருதுவதால், இங்கே நீங்கள் தேட வேண்டியது ஃபான்ட் சாளரத்தின் மேல் வரிசையில். ஃபைண்ட் வாட் கட்டத்தை வெறுமையாக விட்டு, எழுத்துரு பாமினி என்று கொடுத்து, ரீப்ளேஸ் வித் கட்டத்துக்கு ஃபார்மட் பட்டியலில் ஹைலைட் என்பதைத் தெரிவு செய்யுங்கள். முகப்புத் தாவலில் அப்போது எந்த நிறம் இருக்கிறதோ அந்த நிறம் பூசப்படும். நடுவில் ஒளிந்திருக்கும் ஒற்றைச் சொற்கள்கூட இதனால் தப்ப முடியாது.

பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகளில் ஒட்டும்போது வெறும் எழுத்து மட்டுமே போய்ச் சேரும், தடிப்பு தங்காது. எனவே ஒட்டுவதற்கு முன் தடிப்பை ஓர் அடையாளக் குறியாக மாற்றி வைக்க வேண்டும். வழக்கமாக # போன்ற குறிகளை இதற்குப் பயன்படுத்துவார்கள், ஆனால் பாமினியில் அவையும் தமிழ் எழுத்துகளின் இடங்களே. # இட்டால் மாற்றிய பிறகு அது சூ என்று வந்து நிற்கும். ஆகவே நூலில் வேறெங்கும் வராத ஒரு யூனிகோட் தமிழ்க் குறியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஆயிரத்துக்கான பழைய எண் குறியான ௲ என்பதைப் பயன்படுத்துவேன். மாற்றிகள் தங்கள் பட்டியலில் இல்லாத எழுத்தைத் தொடுவதில்லை. இருந்தாலும் நீங்கள் எடுத்துக்கொள்ளும் மாற்றியில் ஒரு பத்தியை முதலில் சோதித்துவிடுங்கள்.

எழுத்துரு பாமினி, வடிவம் போல்ட் என்று தேடி, ரீப்ளேஸ் வித் கட்டத்தில் ௲^&௲ என்று கொடுங்கள். தடித்த ஒவ்வொரு பகுதியும் இரண்டு குறிகளுக்கு இடையே அடங்கிவிடும். தடித்த பகுதி பத்தி முடிவோடு சேர்ந்திருந்தால் இரண்டாவது குறி அடுத்த பத்தியின் தலையில் போய் உட்காரும் என்பதால், அதற்கு முன்பே தடித்த பத்திக் குறிகளைத் தேடி ரெகுலர் ஆக்கிவிடுவது நல்லது. உங்கள் தலைப்புகள் அந்தப் பக்கங்களில் குறைவாகத்தான் இருக்கும், அவற்றைக் கையாலேயே ஹெடிங் 2 ஆக்கிக்கொள்ளுங்கள். இதன் பிறகு யூனிகோடாக மாற்றி மீண்டும் கோப்பில் ஒட்டி, யூஸ் வைல்டுகார்ட்ஸ் தெரிவோடு ௲(*)௲ என்று தேடி, ரீப்ளேஸ் வித் கட்டத்தில் \1 என்று இட்டு, இந்த முறை காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் வரிசையில் போல்ட் கொடுங்கள். அடைப்புக்குள் பிடிபட்டதை மட்டும் \1 திரும்ப வைக்கும்; குறிகள் போய்த் தடிப்பு வந்துவிடும். அந்தப் பக்கங்களில் தடித்திருப்பவை மூலிகைப் பெயர்கள் மட்டும்தான் என்றால், போல்ட் கொடுப்பதற்குப் பதில் 'மூலிகைப் பெயர்' ஸ்டைலையே அங்கே கொடுத்துவிடலாம்.

கடைசியாக, ௲ குறியை மட்டும் தனியே ஒருமுறை தேடிப் பாருங்கள். ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தால் அந்த இடத்தில் இணை பிரிந்திருக்கிறது என்று பொருள். மூலக் கோப்பைப் பக்கத்தில் திறந்து வைத்து ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். மாற்றிய பகுதியில் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கின்றனவா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.